வெளிநாட்டு ரயில் பாஸ்: விலைக்கு முன்னால் படிக்க வேண்டியவை

வெளிநாட்டுச் சுற்றுலாவுக்குப் புறப்படும் உறவினர்களும் நண்பர்களும் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்வி, "ரயில் பாஸ் வாங்கிவிடலாமா, இல்லை அங்கே போய் அவ்வப்போது டிக்கெட் எடுத்துக்கொள்ளலாமா?" என்பதுதான். இதற்கு ஒரே வரியில் பதில் சொல்ல எனக்கு இன்றுவரை மனம் வந்ததில்லை. ஒரே ஊருக்கு, ஒரே வாரத்தில் செல்லும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குப் பாஸ் லாபமாகவும் மற்றொன்றுக்கு வீண் செலவாகவும் அமைவதைக் கண்கூடாகப் பார்த்திருக்கிறேன். ஜப்பானில் பெற்றோருடனும், ஐரோப்பாவில் நண்பர்களுடனும் தனியாகவும் பயணம் செய்தபோது ஒவ்வொரு முறையும் உட்கார்ந்து கணக்குப் போட்டதில் எனக்குத் தெளிவானது ஒன்று உண்டு. ஒரு பாஸின் விலையை விட, அது எதை எண்ணுகிறது என்பதே முக்கியம். சில பாஸ்கள் மணி நேரத்தை எண்ணுகின்றன. சில நாட்களை எண்ணுகின்றன. சில திங்கள் முதல் ஞாயிறு வரையிலான வாரத்தை எண்ணுகின்றன. எந்த நிறுவனத்தின் வண்டி, எந்த வகை வண்டி, எந்தப் பகுதி வரை என்ற வரம்புகளும் அவற்றோடு சேர்ந்தே வருகின்றன. இவற்றைப் படித்த பிறகு விலையைப் பார்த்தால், வாங்குவதா வேண்டாமா என்பது பெரும்பாலும் தானே விளங்கிவிடும்.

ஜப்பானிலிருந்து தொடங்குகிறேன். பழைய அறிவுரைகள் இன்னும் உயிரோடு உலவிக்கொண்டிருப்பது அந்த நாட்டைப் பற்றித்தான். "ஜப்பான் போகிறாயா, முதலில் ஜே.ஆர். பாஸ் வாங்கு" என்று ஒரு காலத்தில் கண்ணை மூடிக்கொண்டு சொன்னார்கள், அப்போது அது சரியாகவும் இருந்தது. ஜே.ஆர். என்ற ரயில் குழுமத்தின் வண்டிகளில் நாடு முழுவதும் செல்ல உதவும் அந்தப் பாஸ், ஏழு நாளுக்குச் சாதாரண வகுப்பில் 29,650 யென்னாக இருந்தது. டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு ஷின்கான்சென் என்ற அதிவேக ரயிலில் முன்பதிவில்லாப் பெட்டியில் செல்ல ஒருவருக்கு 13,320 யென் என்று எடுத்துக்கொண்டால், போய்வரவே 26,640 யென் ஆகிவிடும். அதற்கு மேல் ஒரு சிறிய பயணம் செய்தாலும் பாஸ் தன் விலையை மீட்டுவிடும். 2023 அக்டோபர் மாதத்தில் அந்தப் பாஸின் விலை 50,000 யென்னாக உயர்த்தப்பட்டது. பதினான்கு நாள் பாஸ் 80,000 யென்னுக்கும், இருபத்தொரு நாள் பாஸ் 1,00,000 யென்னுக்கும் போயின. ஒரே நாளில் கணக்கு முற்றிலும் மாறிவிட்டது, அறிவுரைகள்தான் மாறவில்லை.

இப்போதைய கணக்கைப் பொதுவான ஒரு பயணத்துக்குப் போட்டுப் பாருங்கள். டோக்கியோவிலிருந்து கியோட்டோ, அங்கிருந்து ஹிரோஷிமா, ஹிரோஷிமாவிலிருந்து மீண்டும் டோக்கியோ என்பது முதல்முறை செல்பவர்களில் பலர் வகுக்கும் பாதை. முதல் பகுதிக்குச் சுமார் 13,500 யென், இரண்டாவதற்குச் சுமார் 11,000, மூன்றாவதற்குச் சுமார் 19,000 என்று வைத்தால் மொத்தம் 43,500 யென் அளவில் வரும். இவ்வளவு தூரம் ஓடிய பிறகும் 50,000 யென்னை எட்டவில்லை. விமான நிலையத்திலிருந்து நகருக்கு வரும் நரிட்டா எக்ஸ்பிரஸ், ஹிரோஷிமாவுக்கு அருகிலுள்ள மியாஜிமா தீவுக்குச் செல்லும் ஜே.ஆர். படகு, டோக்கியோவில் யாமனோத்தே என்ற ஜே.ஆர். வட்டப்பாதையில் செய்யும் சின்னச் சின்னப் பயணங்கள் ஆகிய எல்லாவற்றையும் அதே ஏழு நாட்களுக்குள் கூட்டினால்தான் தராசு ஏறத்தாழச் சமநிலைக்கு வருகிறது. டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்ற மூன்று நகரங்களோடு நிற்பவர்களுக்கு நாடு தழுவிய பாஸ் பொருந்தாது என்று இன்று தயக்கமின்றிச் சொல்லலாம். தெற்கே கியூஷூவிலிருந்து வடக்கே ஹொக்கைடோ வரை ஒரே மூச்சில் செல்ல விரும்புபவர்களுக்கு அது இன்றும் நல்ல துணை.

கணக்கை மாற்றும் மிகப் பெரிய காரணி ரயில் நிலையத்தில் இல்லை, விமான டிக்கெட்டில் இருக்கிறது. டோக்கியோவில் இறங்கி ஒசாகாவுக்கு அருகிலுள்ள கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்பினால், டோக்கியோவுக்குத் திரும்பும் நீண்ட ரயில் பயணமே தேவைப்படாது. பதின்மூன்றாயிரம் யென்னுக்கு மேல் மிச்சம். அதை விட முக்கியமாக, அரை நாள் கையில் நிற்கும். ஆகவே விமானத்தில் முதலில் இடம் போட்டுவிட்டு, பிறகு ரயிலைப் பற்றி யோசிக்கலாம் என்ற வழக்கத்தை நான் விட்டுவிட்டேன். ஊர்களின் வரிசையை ஒரு தாளில் எழுதி, அதன் இரு முனைகளிலும் விமான நிலையங்கள் இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே விமான டிக்கெட்டைத் தேடுகிறேன்.

ஜே.ஆர். என்ற பெயரைப் பற்றியும் ஒரு சொல் சொல்ல வேண்டும். 1987-இல் ஜப்பானிய அரசு ரயில்வே பிரிக்கப்பட்டபோது ஆறு பயணிகள் ரயில் நிறுவனங்கள் பிறந்தன, ஜே.ஆர். என்பது அந்தக் குழுமத்தின் பொதுப் பெயர். அதற்கு வெளியே கின்டெட்சு, ஹான்க்யூ, நான்காய், ஒடாக்யூ போன்ற தனியார் ரயில் நிறுவனங்களும், நகரங்களின் சுரங்கப்பாதை நிறுவனங்களும் தனித்தனியாக இயங்குகின்றன. கியோட்டோ, ஒசாகா, நாரா வட்டாரத்தில் நீங்கள் செல்ல விரும்பும் கோயிலுக்கு மிக அருகில் நிற்பது தனியார் ரயிலாகவே இருக்கக்கூடும். அங்கே நாடு தழுவிய பாஸ் உங்கள் பையிலேயே இருக்கும், நீங்கள் வேறு டிக்கெட் எடுத்துக்கொண்டிருப்பீர்கள். பாஸ் இருக்கிறதே என்பதற்காகச் சுற்றுப்பாதையில் ஜே.ஆர். வண்டியைத் தேடிப் போய் நேரத்தை இழப்பவர்களையும் பார்க்கிறேன். நேரத்துக்கும் விலை உண்டு என்பதைக் கணக்கில் ஒரு வரியாகவே எழுதிக்கொள்வது நல்லது.

அடுத்தது வண்டியின் வகை. டோக்கியோ–கியோட்டோ பாதையில் நொசோமி என்ற அதிவேக வண்டி சுமார் இரண்டேகால் மணி நேரத்தில் செல்கிறது. ஹிகாரி ஏறத்தாழ இரண்டு மணி நாற்பது நிமிடம் எடுத்துக்கொள்கிறது. எல்லா நிலையங்களிலும் நிற்கும் கொடாமா மூன்றரை மணி நேரத்தையும் தாண்டிவிடுகிறது. நாடு தழுவிய பாஸ் ஹிகாரியையும் கொடாமாவையும் அப்படியே ஏற்கும். நொசோமியில் ஏற வேண்டுமானால், 2023 மாற்றத்துக்குப் பிறகு, கூடுதல் கட்டணம் செலுத்திச் சிறப்புச் சீட்டு வாங்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோவுக்கு அது 4,960 யென். நொசோமி சில நிமிடங்களுக்கு ஒருமுறை புறப்படும் வண்டி, ஹிகாரியோ எண்ணிக்கையில் மிகக் குறைவு. என் பார்வையில், கையில் பாஸ் இருப்பவர்களுக்கு ஹிகாரி போதுமானது. இருபத்தைந்து நிமிடத்துக்காக ஏறத்தாழ 5,000 யென் கொடுப்பது, இணைப்பு வண்டி தவறிவிடும் என்ற நெருக்கடி இருந்தால் மட்டுமே நியாயமாகும்.

நாட்களை எண்ணும் பாஸ் பயணிகளின் மனத்தை எப்படிப் பிடித்து ஆட்டுகிறது என்பதைப் பெற்றோருடன் சென்றபோது நன்கு உணர்ந்தேன். ஜே.ஆர். பாஸில் ஏழு நாள் என்றால் நள்ளிரவு தொடங்கி எண்ணப்படும் தொடர்ச்சியான ஏழு நாட்கள். நடுவில் ஒரு நாள் ஓய்வெடுத்தாலும் அந்த நாள் கழிந்துவிடும். கியோட்டோவின் கோயில் படிகளில் ஏறி இறங்கிய மறுநாள் காலையில் அம்மா, "நாளைக்கு வேணும்னா ஊர் சுத்தலாம்ப்பா, இன்னைக்கு எனக்கு இந்தத் தெருவே போதும்" என்றார். அன்று அந்த ஆற்றங்கரைத் தெருவில் தேநீர் குடித்து, மதியம் தூங்கி, மாலையில் மீண்டும் நடந்துவிட்டு வந்தோம். கையில் பாஸ் இல்லாமல் தனிச்சீட்டுகளை நம்பிச் சென்றிருந்ததால், அந்த ஓய்வு நாளுக்கு நாங்கள் எந்த விலையும் கொடுக்கவில்லை. யாருக்கும் மனம் உறுத்தவும் இல்லை. முதியவர்களோடும் சிறு குழந்தைகளோடும் செல்பவர்கள், தொடர் நாட்களை எண்ணும் பாஸை வாங்கும் முன் இந்த ஓய்வு நாட்களையும் கழித்துவிட்டுக் கணக்குப் பார்க்க வேண்டும். ஏழு நாள் பாஸ் அவர்களுக்கு நடைமுறையில் ஐந்து நாள் பாஸாகச் சுருங்கிவிடக்கூடும்.

தனிச்சீட்டு வாங்குவது சிரமம் என்ற அச்சம் பலருக்கு உண்டு. ஷின்கான்சென் பயணத்துக்கு இரண்டு கட்டணங்கள் சேர்கின்றன: தூரத்துக்கான அடிப்படைக் கட்டணம் ஒன்று, அதிவேக வண்டிக்கான கட்டணம் மற்றொன்று. நிலையத்தின் டிக்கெட் அலுவலகத்தில் வாங்கினால் பெரும்பாலும் இவற்றுக்கு இரண்டு தனித்தனிச் சீட்டுகளைத் தருவார்கள். சிறிய, உறுதியான தாள், பின்புறம் முழுவதும் கருப்பு. எங்கள் அடிப்படைச் சீட்டில் புறப்படும் இடமாக எந்த நிலையத்தின் பெயரும் இல்லை. டோக்கியோவின் நகர வார்டுகள் என்றும், சேரும் இடமாகக் கியோட்டோ நகரம் என்றும் அச்சிட்டிருந்தது. இருநூறு கிலோமீட்டருக்கு மேற்பட்ட பயணமாக இருந்தால், டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா உள்ளிட்ட குறிப்பிட்ட பெருநகரங்களில் நகர எல்லைக்குள் இருக்கும் எந்த ஜே.ஆர். நிலையத்திலும் ஏறலாம், எந்த ஜே.ஆர். நிலையத்திலும் இறங்கலாம் என்பதுதான் அதன் பொருள்.

ஆகவே ஷின்ஜுகு நிலையத்தில் அடிப்படைச் சீட்டை மட்டும் தானியங்கிக் கதவில் செலுத்தி உள்ளே சென்றோம். டோக்கியோ நிலையத்தில் ஷின்கான்சென் மேடைக்கு மாறும் கதவில் இரண்டு சீட்டுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்துச் செலுத்தினோம். நாம் நடந்து மறுபக்கம் போவதற்குள் இரண்டும் ஒன்றாக வெளியே தலைநீட்டி நிற்கின்றன. கியோட்டோவில் இறங்கி உள்ளூர் ரயிலுக்கு மாறும் கதவில் மீண்டும் இரண்டையும் செலுத்தியபோது, கதவு அதிவேகச் சீட்டை வைத்துக்கொண்டு அடிப்படைச் சீட்டை மட்டும் திருப்பிக் கொடுத்தது. அதை வைத்தே சாகா-அராஷியாமா வரை சென்றோம். அங்கே வெளியேறும் கதவு அதையும் எடுத்துக்கொண்டது. இடையில் கியோட்டோ நிலையத்தை விட்டு வெளியே வந்திருந்தால் சீட்டு அங்கேயே முடிந்திருக்கும். மிச்சமாகும் தொகை பெரிதல்ல. ஆனாலும் பெட்டிகளோடும் பெற்றோரோடும் புதிய ஊரில் இறங்கும்போது, இன்னொரு டிக்கெட் இயந்திரத்தின் முன் நிற்க வேண்டியதில்லை என்பது பெரிய நிம்மதி. ஸ்மார்ட் இ.எக்ஸ். என்ற செயலியில் ஷின்கான்சென் டிக்கெட் எடுத்தால் இந்த நகர எல்லைச் சலுகை கிடையாது. முன்கூட்டியே எடுப்பவர்களுக்கு அதில் வேறு தள்ளுபடிகள் உண்டு என்பதால், எந்த நிலையத்திலிருந்து எந்த நிலையத்துக்குச் செல்கிறீர்கள் என்பதைப் பொறுத்து இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பெரிய பெட்டி வைத்திருப்பவர்கள் எதில் டிக்கெட் எடுத்தாலும் மற்றொன்றையும் கவனிக்க வேண்டும். டோக்கியோவிலிருந்து கியோட்டோ, ஒசாகா, ஹிரோஷிமா வழியாகச் செல்லும் ஷின்கான்சென் வண்டிகளில், நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டினால் 160 சென்டிமீட்டரைத் தாண்டும் பெட்டிக்கு, அதற்கென்றே உள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அந்த இருக்கைக்குக் கூடுதல் கட்டணம் இல்லை; முன்பதிவு செய்யாமல் கொண்டுவந்தால் 1,000 யென் வசூலிக்கப்படும். முன்பதிவில்லாப் பெட்டியில் ஏறிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் தங்கள் பயணப் பெட்டியை வீட்டிலேயே அளந்துவிடுவது நல்லது.

நகருக்குள் சுற்றுவதற்குச் சுயிகா, பாஸ்மோ, இக்கோக்கா போன்ற தொட்டுச்செல்லும் அட்டைகள் இருக்கும்போது நாள் பாஸ் எதற்கு என்பது நியாயமான கேள்வி. இந்த அட்டைகள் எந்தத் தள்ளுபடியும் தருவதற்காக வந்தவை அல்ல. எந்த நிறுவனத்தின் வண்டி, எவ்வளவு கட்டணம் என்ற கவலையிலிருந்து நம்மை விடுவிப்பதே அவற்றின் பயன். 2013 மார்ச் முதல் நாட்டின் முக்கியமான பத்து அட்டைகள் ஒன்றின் பகுதியில் மற்றொன்று செல்லுபடியாகும்படி இணைக்கப்பட்டுள்ளன. ஒருவருக்கு ஓர் அட்டை வேண்டும். கணவனும் மனைவியும் ஒரே அட்டையைத் தட்டிச் செல்ல முடியாது. ஒரு வட்டாரத்தில் தட்டி உள்ளே சென்று, தொலைவிலுள்ள இன்னொரு வட்டாரத்தில் தட்டி வெளியே வரவும் முடியாது. அட்டையில் அதிகபட்சம் 20,000 யென் வைக்கலாம். நிலையத்தின் இயந்திரங்களில் பணம் ஏற்றுவதற்குப் பெரும்பாலும் ரொக்கம்தான் தேவைப்படும் என்பதால், கொஞ்சம் யென் நோட்டுகளைக் கையில் வைத்திருப்பது அவசியம்.

நாள் பாஸில் டோக்கியோவின் சுரங்கப்பாதைச் சீட்டு எனக்கு மிகவும் பிடித்தது, அது மணி நேரத்தை எண்ணுவதால். 24, 48, 72 மணி நேரம் என்று மூன்று வகைகள் உள்ளன. முதல்முறை கதவில் செலுத்திய நிமிடத்திலிருந்து கணக்கு ஓடுகிறது. பிற்பகல் இரண்டு மணிக்குத் தொடங்கினால் 24 மணி நேரச் சீட்டு மறுநாள் பிற்பகல் இரண்டு மணி வரை உழைக்கும். ஒரு மாலையும் ஒரு காலையும் அதில் அடங்கிவிடும். டோக்கியோ மெட்ரோ, தோயே ஆகிய இரண்டு சுரங்கப்பாதை நிறுவனங்களின் வண்டிகளும் அதில் சேரும், ஜே.ஆரின் யாமனோத்தே பாதை சேராது. அதனால் அந்தச் சீட்டை வாங்க நினைப்பவர்கள், தங்கும் விடுதி எந்தப் பாதையின் நிலையத்துக்கு அருகில் இருக்கிறது என்று முதலில் பார்க்க வேண்டும். யாமனோத்தே நிலையத்துக்கு மட்டும் அருகில் தங்கிக்கொண்டு சுரங்கப்பாதைச் சீட்டை வாங்கினால், ஒவ்வொரு நாளும் வெளியே போகவும் வீடு திரும்பவும் தனியாகக் காசு கொடுக்க வேண்டிவரும்.

கியோட்டோவில் பேருந்துக்கு மட்டுமான ஒரு நாள் பாஸின் விற்பனை 2023 செப்டம்பரோடு நிறுத்தப்பட்டது. சுற்றுலாப் பயணிகளால் பேருந்துகள் நிரம்பி வழிந்து, உள்ளூர் மக்கள் ஏற முடியாமல் தவித்ததுதான் காரணம். சுரங்கப்பாதையும் பேருந்தும் சேர்ந்த 1,100 யென் பாஸை மக்கள் பயன்படுத்த வேண்டும் என்று நகராட்சி விரும்பியது. நகருக்குள் பேருந்துக் கட்டணம் 230 யென் என்றால், ஐந்து முறை ஏறினால்தான் அந்தப் பாஸ் பயன் தரும். கூட்டத்தில் ஐந்து முறை பேருந்து ஏறுவது யாருக்கும் இன்பமான நாளாக இருக்காது என்பது என் கருத்து. சுரங்கப்பாதையில் பாதித் தூரம் போய் மீதியை நடப்பதற்கு அந்தப் பாஸைப் பயன்படுத்தினால், அது கொடுத்த காசுக்கு மேலேயே பயன் தருகிறது.

ஐரோப்பாவுக்கு வந்தால், நாட்காட்டியே பெரிய பொறி. பாரிஸின் நவிகோ வாரப் பாஸ் எப்போது வாங்கினாலும் திங்கள்கிழமை தொடங்கி ஞாயிற்றுக்கிழமையோடு முடிந்துவிடும். திங்களன்று வந்திறங்குபவருக்கு அதைப் போன்ற நல்ல ஏற்பாடு இல்லை. 2025 ஜனவரி முதல் விமான நிலையப் பயணத்துக்கு 13 யூரோவும், மெட்ரோ அல்லது ரயிலில் ஒரு பயணத்துக்கு 2.50 யூரோவும் கட்டணமாக நிர்ணயிக்கப்பட்டன. அந்த ஆண்டின் வாரப் பாஸ் 31.60 யூரோ, அட்டைக்குத் தனியாக 5 யூரோவும் ஒரு சிறிய புகைப்படமும். விமான நிலையத்திலிருந்து வரவும் திரும்பிப் போகவும் அப்போது 26 யூரோ ஆனதால், வாரத்துக்குள் ஐந்து மெட்ரோ பயணங்களே போதுமாக இருந்தன, அட்டைச் செலவையும் சேர்த்துப் பாஸ் லாபத்தில் நின்றது. அதே மனிதர் வியாழன் மாலை வந்து செவ்வாயன்று கிளம்பினால், அதே பாஸ் அவருக்குக் கிட்டத்தட்ட மூன்று நாள் பாஸ். நண்பர் ஒருவர் விடுமுறையை எந்தக் கிழமையில் தொடங்குவது என்று கேட்டபோது, இதை முன்னிட்டே ஞாயிறு இரவு விமானம் ஏறித் திங்கள் காலை இறங்கும்படி சொன்னேன். அவர் அப்படியே செய்தார்.

லண்டனில் சுற்றுலாப் பயணிக்குப் பாஸ் வாங்கும் தேவையே பெரும்பாலும் எழுவதில்லை. 2014 செப்டம்பர் முதல் சுரங்க ரயிலிலும் வங்கி அட்டையை நேரடியாகத் தட்டலாம். நாள் முழுவதும் எவ்வளவு சுற்றினாலும் ஓர் உச்ச வரம்புக்கு மேல் கட்டணம் பிடிக்கப்படாது. திங்கள் முதல் ஞாயிறு வரைக்கும் அதே போன்ற வார வரம்பு உண்டு. ஆனால் இந்தக் கணக்கு ஒரே அட்டைக்கும் ஒரே கருவிக்கும் மட்டுமே சேரும். காலையில் பிளாஸ்டிக் அட்டையையும் மாலையில் அதே வங்கிக் கணக்கு இணைந்த கைபேசியையும் தட்டினால், இயந்திரத்துக்கு நீங்கள் இரண்டு வேறு பயணிகள். ஏறும்போதும் இறங்கும்போதும் தட்ட வேண்டும் என்பது சுரங்க ரயிலுக்கு. பேருந்தில் ஏறும்போது மட்டும் போதும். வெளிநாட்டுப் பரிவர்த்தனைக்கு உங்கள் வங்கி எவ்வளவு பிடிக்கும் என்பதைக் கிளம்பும் முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டு, அது அதிகமாக இருந்தால், முன்பணம் ஏற்றித் தட்டும் ஆய்ஸ்டர் அட்டையை வாங்கிக்கொள்ளலாம்.

ஜெர்மனியின் டாய்ச்லாண்ட் டிக்கெட்டைப் பற்றிக் கேள்விப்பட்ட எவருக்கும் ஆசை வரும். 2023 மே மாதம் 49 யூரோவுக்குத் தொடங்கி, 2025-இல் 58 யூரோவாகவும் 2026-இல் 63 யூரோவாகவும் உயர்ந்த பிறகும், நாடு முழுவதும் உள்ளூர்ப் பேருந்து, டிராம், மெட்ரோ, வட்டார ரயில் ஆகிய அனைத்திலும் ஒரு மாதம் செல்லலாம் என்பது அசாதாரணமான ஏற்பாடு. அது சந்தா முறையில் விற்கப்படுகிறது. மாதத்தின் பத்தாம் தேதிக்குள் ரத்து செய்யாவிட்டால் அடுத்த மாதத்துக்கும் பணம் பிடித்துவிடுவார்கள். ஆகவே வாங்கிய அன்றே ரத்து செய்யும் தேதியைக் கைபேசியில் நினைவூட்டலாக வைத்துவிட வேண்டும். ஐ.சி.இ., ஐ.சி. போன்ற தொலைதூர விரைவு வண்டிகளில் அது செல்லாது. பெர்லினிலிருந்து மியூனிக்குக்கு ஐ.சி.இ. வண்டி சுமார் நான்கு மணி நேரத்தில் போய்விடும்; வட்டார ரயில்களில் மாறி மாறிப் போனால் பகல் முழுவதும் கழிந்துவிடும். ஒரு வட்டாரத்தில் தங்கி அக்கம்பக்கத்து ஊர்களைப் பார்ப்பவருக்கே அது உரியது. தொலைதூரப் பயணத்துக்கு முன்கூட்டியே தனியாக ஐ.சி.இ. டிக்கெட் எடுத்து இரண்டையும் இணைப்பதே நான் கண்டவற்றுள் சிறந்த வழி.

பல நாடுகளைச் சுற்ற யூரெயில் பாஸ் வாங்குபவர்கள் பாஸோடு செலவு முடிந்துவிட்டது என்று எண்ணிவிடக் கூடாது. பிரான்ஸின் டி.ஜி.வி. வண்டிகளிலும் இத்தாலியின் அதிவேக வண்டிகளிலும் பாஸ் வைத்திருப்பவரும் கட்டணம் செலுத்தி இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும், டி.ஜி.வி.யில் பாஸ்காரர்களுக்கென ஒதுக்கப்படும் இடங்கள் விடுமுறைக் காலத்தில் சீக்கிரம் தீர்ந்துவிடும். ஜெர்மனி, ஆஸ்திரியா, சுவிட்சர்லாந்து ஆகிய நாடுகளில் பெரும்பாலான பகல் வண்டிகளில் முன்பதிவு கட்டாயமில்லை. "நினைத்த வண்டியில் ஏறலாம்" என்ற சுதந்திரத்துக்காக அந்தப் பாஸை வாங்குபவர் அந்தச் சுதந்திரம் உண்மையிலேயே கிடைக்கும் நாடுகளில் அதைச் செலவிட வேண்டும். பாரிஸிலிருந்து லியோன் செல்வது போன்ற ஓரிரு பயணங்களுக்குப் பல வாரங்களுக்கு முன்பே எடுக்கும் தனிச்சீட்டு மலிவாக வந்துவிடும்.

சுவிட்சர்லாந்தைப் பற்றிச் சற்று நின்று சொல்ல விரும்புகிறேன். அங்கே வானிலையும் கணக்கில் ஒரு பங்காளி. ரயில், பேருந்து, ஏரிப் படகு, ஐந்நூறுக்கு மேற்பட்ட அருங்காட்சியகங்கள் ஆகியவற்றை உள்ளடக்கிய சுவிஸ் டிராவல் பாஸ் ஒருபுறம். எல்லாவற்றுக்கும் ஏறத்தாழப் பாதிக் கட்டணம் என்ற ஹாஃப் ஃபேர் கார்டு மறுபுறம். பாஸ் வைத்திருப்பவர் ரிகி, ஸ்டான்சர்ஹார்ன் மலைகளுக்குக் கூடுதல் காசில்லாமல் செல்லலாம். ஆனால் யுங்ஃப்ராவ்யோக் என்ற உயரமான மலை ரயில் நிலையத்துக்குச் செல்ல நினைத்தால், பாஸ் வழியிலுள்ள கிரின்டெல்வால்டு அல்லது வெங்கென் கிராமம் வரைதான். அதற்கு மேலே 25 சதவீதத் தள்ளுபடி மட்டுமே. பாதிக் கட்டண அட்டைக்கோ அதே பயணத்துக்கு 50 சதவீதம் குறைகிறது. ஒவ்வொரு நாளும் ஊர் மாறுபவருக்குப் பாஸும், ஒரே கிராமத்தில் தங்கி மலைகளைப் பார்ப்பவருக்குப் பாதிக் கட்டண அட்டையும் பொருந்தும் என்பது என் முடிவு. நாங்கள் சென்றபோது மலை முழுவதும் மேகம் மூடி, நேரலைக் கேமராவில் வெறும் வெண்மை மட்டுமே தெரிந்த ஒரு காலையில், எந்தப் பயணத்தையும் தொடங்காமல் ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்பினோம். பாதிக் கட்டண அட்டை என்பதால் அன்று போகாத மலைக்குக் கட்டணமும் இல்லை. மறுநாள் வானம் தெளிந்ததும் அதே அட்டையோடு மேலே சென்றோம்.

வாங்கிய சீட்டைச் செல்லுபடியாக்கும் வழக்கமும் நாட்டுக்கு நாடு வேறுபடுகிறது. இத்தாலியில் வட்டார ரயிலுக்கான காகிதச் சீட்டை ஏறுவதற்கு முன் நடைமேடையில் உள்ள சிறிய இயந்திரத்தில் செருகி நேரமுத்திரை பெற வேண்டும். ஜெர்மனியின் பல நகரங்களிலும் இதே முறைதான். அங்கெல்லாம் நுழைவாயிலில் கதவே இருக்காது என்பதால், புதியவர்களுக்கு முத்திரை வேண்டும் என்பது தோன்றாது. பரிசோதகர் வந்தால், பணம் கொடுத்து வாங்கிய சீட்டு கையில் இருந்தாலும் அபராதம் கட்ட வேண்டியிருக்கும். தேதியும் நேரமும் ஏற்கெனவே அச்சிடப்பட்ட சீட்டா, பிறகு முத்திரையிட வேண்டிய சீட்டா என்பதை வாங்கும்போதே பார்த்துவிடுங்கள்.

குழந்தைகளுக்கான விதி குடும்பத்தின் மொத்தக் கணக்கையே புரட்டிவிடும். ஜப்பானில் ஆறு முதல் பதினொரு வயது வரை பாதிக் கட்டணம். சுவிட்சர்லாந்தில் பெற்றோர் தகுந்த பாஸ் வைத்திருந்து ஃபேமிலி கார்டு என்ற குடும்பப் பயண அட்டையையும் கேட்டுப் பெற்றால் ஆறு முதல் பதினைந்து வயதுப் பிள்ளைகள் கட்டணமின்றி உடன் செல்லலாம். கேட்டுப் பெற வேண்டும் என்பதுதான் கவனிக்க வேண்டியது. தானாக யாரும் எடுத்துக் கொடுப்பதில்லை.

ஜே.ஆர். பாஸ் போன்றவற்றைச் சுற்றுலாப் பயணியாக நுழைந்தவருக்கு மட்டுமே தருகிறார்கள். கடவுச்சீட்டில் குறுகிய கால வருகையாளர் என்ற முத்திரை அல்லது ஒட்டுச்சீட்டு இருக்கிறதா என்று விமான நிலையத்திலிருந்து வெளியே வரும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பாஸைப் பெறும்போதே தொடக்க நாளையும் சொல்ல வேண்டியிருக்கும். அப்போது அவசரப்பட்டு, வந்திறங்கிய நாளையே சொல்லிவிடாமல், முதல் நீண்ட ரயில் பயணம் எந்த நாளில் வருகிறதோ அந்த நாளையே சொல்லுங்கள். அதற்கு முந்தைய நாட்களை நகர அட்டையிலேயே கழித்துவிடலாம். திரும்பும்போது அட்டையில் மிஞ்சும் பணத்தை மீட்பதற்கும் இடம் பார்த்துச் செல்ல வேண்டும்: டோக்கியோவில் வாங்கிய சுயிகாவை ஜே.ஆர். கிழக்கு நிறுவனத்தின் அலுவலகத்திலும், ஒசாகாவில் வாங்கிய இக்கோக்காவை ஜே.ஆர். மேற்கின் அலுவலகத்திலும்தான் திருப்பிக் கொடுத்து 500 யென் வைப்புத்தொகையைப் பெற முடியும். டோக்கியோவில் இறங்கி ஒசாகாவிலிருந்து கிளம்புபவர் டோக்கியோவை விடும் அன்றே அதை முடித்துவிடலாம். அல்லது வைப்புத்தொகை இல்லாத, 28 நாள் மட்டும் செல்லும் வெல்கம் சுயிகாவை வாங்கி, மிச்சத்தைக் கடைசி நாளில் நிலையத்துக் கடையில் செலவழித்துவிடலாம்.